வாசலில் நின்ற மஞ்சள் சேலை

அந்தப் போட்டோவில் பேயை நிறுத்தியவள் நான்தான். வேறு யாருமில்லை. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், நீ என் மதினியைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். கோவில்பட்டியில் கல்லூரி, விடுதி. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால் பருத்திக் காட்டில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்காகவே மெதுவாக நடப்பேன்.

அண்ணனின் முதல் மனைவி பாக்கியம் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். இரண்டாவதாக வந்தவள்தான் என் மதினி முத்துமாரி. புதூர்க்காரி. பள்ளிக்கூடத்துப் படியே மிதிக்காதவள். ஆனால் நாலு பேரைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவள். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் சொன்னாள்: "எங்க செல்விக்கு இங்கிலீசு தண்ணியா வரும். தண்ணி சுடவைக்கத்தான் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

அவ்வளவுதான். அதற்காகத்தான்… இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்காதா என்று எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

அப்போது கோவில்பட்டிக்கு ஒரு பேய்ப்படம் வந்திருந்தது. எடுக்கிற போட்டோவில் எல்லாம் செத்துப்போனவள் வந்து நிற்கும் கதை. மாசமாக இருந்த மதினி தானும் வருவேன் என்றாள். கூட்டிப்போனேன். போட்டோவில் முகம் தெளியத் தெளிய, அவள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"ஏட்டி, இதெல்லாம் நெசமா நடக்குமா?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும் மதினி. புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. ஆனால் படித்தவள் சொன்னால் அவளுக்குப் போதும். ஊர் வரும்வரை பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கை வியர்த்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது!

வளைகாப்புக்கு விடுதித் தோழியின் பழைய கேமராவை இரவல் வாங்கிப்போனேன். "ஒவ்வொரு படத்துக்கும் பிலிமைச் சுத்திரு. மறந்தா டபுள் எக்ஸ்போஷர் ஆகி, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துரும்" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த எச்சரிக்கைதான் எனக்கு வழிகாட்டியது.

எங்கள் பக்கம் வீட்டில் இறந்த பெண்ணின் சேலையை ஓலைப்பெட்டியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுவார்கள். நல்ல காரியம் என்றால் அந்தச் சேலையை எடுத்து வைத்து, அவளிடம் உத்தரவு கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம். அன்று காலையில் பாக்கியத்தின் மஞ்சள் சேலையை உள்ளறைக் கொடியில் தொங்கவிட்டுக் கும்பிட்டார்கள். எல்லோரும் வெளியே போனதும், அந்த இருட்டு அறைக்குள் பிளாஷ் போட்டு அதை ஒரு படம் எடுத்தேன். பிலிமைச் சுற்றவில்லை. அம்மா சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு மதினியை அந்த அறையின் இருண்ட வாசலுக்கு முன்னால் உட்காரவைத்து, "சிரிங்க மதினி" என்றேன்.

கை நிறைய வளையல். வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கழுவி வந்த படத்தில், அவளுக்குப் பின்னால் தலையில்லாமல், காலில்லாமல், மங்கலாக ஒரு மஞ்சள் உருவம் நின்றது. நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. அவளிடம் கொடுத்தேன். விரலை மட்டும் அந்த இடத்தில் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். "சேல பெட்டிக்குள்ளல்லா இருந்துச்சு…" என்றாள். அப்புறம் மெதுவாக, "அக்கா வந்து நிக்காவ."

பயத்தில் அவள் முகம் சுருங்கியதை ரசித்தேன் என்று எழுதவேண்டும். எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பாத மாதிரி இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்றார். மதினி மறுத்துவிட்டாள். அதுவும் படம்தானே! அந்தப் படத்திலும் அக்கா வந்து நின்றால், பிள்ளைக்குப் பக்கத்திலேயே அல்லவா நிற்பாள்?

அண்ணன் விடுதிக்கே வந்துவிட்டான். காட்டிலிருந்து நேராக வந்திருந்தான், காலெல்லாம் கரிசல். "நீ படிச்சவ. நீ சொன்னா கேப்பா. வந்து ஒரு வார்த்த சொல்லுட்டி."

போனேன். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. 'அது நான் செய்தது' என்று சொல்லியிருந்தால் அன்றே ஸ்கேன் எடுத்திருப்பாள். ஆனால் அதற்குப் பிறகு, நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஊர் என்னை எப்படிப் பார்க்கும்? இதை யோசித்தேன். பிள்ளையை யோசிக்கவில்லை.

"பயப்படாதீங்க மதினி" என்று மட்டும் சொன்னேன்.

"நீதானட்டி சொன்ன, கேமராவுக்குத் தெரியும்னு" என்றாள்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே வயிற்றுக்குள் இறந்துவிட்டது. ஆண்பிள்ளை. ஸ்கேன் எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று டாக்டர் அண்ணனைத்தான் திட்டினார். அவன் தலைகுனிந்து நின்றான். நான் பக்கத்தில் நின்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்கிறாயா?

மதினி அந்தப் படத்தைக் கிழித்தெறியவில்லை. சாமிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அவள் பிள்ளை இருக்கும் ஒரே படம் அது. அவள் கைகளுக்குக் கீழே, வயிற்றுக்குள். "புள்ள அக்காட்டதான் இருக்கான். அவ பாத்துக்கிடுவா" என்று இப்போது சொல்கிறாள். விளக்கேற்ற என்னைக் கூப்பிடுகிறாள். ஏனென்றால் படம் எடுத்தவள் நான்.

இனி உண்மையைச் சொன்னால் அந்த ஆறுதலும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதுவும் ஒரு சாக்குதானோ… தெரியவில்லை.

போன மாதம் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும் என்றாள். இருவரும் கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். கடைக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டபுள் எக்ஸ்போஷர்ல்லா இது?" என்றார் என்னிடம்.

மதினி என் முழங்கையைத் தொட்டாள். "என்னட்டி சொல்லுதாரு?"

"நல்லா வந்திருக்குன்னு சொல்லுதாரு மதினி" என்றேன்.

அவள் சிரித்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். சட்டம் போட்டே கொடுங்கள் என்றேன்.