ஒச்சாண்டியின் கைத்தராசு

மார்க்கையன்கோட்டையில் வாழைத்தாருக்கு எடை சொல்வதில் ஒச்சாண்டியை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தார் சுமந்து, பிறகு சொந்தமாக மண்டி போட்டவர். தாரைத் தூக்கிப் பார்த்து "முப்பத்திரண்டு" என்றால் தராசுமுள் அங்கேதான் போய் நிற்கும். காய்ச்சலுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: வயிற்றைக் காயப்போடு. தனக்கு வந்த டைபாய்டையே பதினோரு நாள் வெறும் வெந்நீரில் விரட்டியவர் அல்லவா!

2003 ஐப்பசியில் மனைவி ஜக்கம்மாவுக்கு விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். சளியைச் சோதித்து டி.பி. என்றார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் எப்சிபா எடை பார்த்தாள். நாற்பத்தொன்று.

"ஐயா, காய்ச்சல் அடிக்க அடிக்க இவுக ஒடம்புச் சதைதான் எரியுது. அடுப்புக்கு வெறகு இல்லாட்டி வீட்டு நெலைக்கதவப் பேத்துப் போட்ட கதைதான். முட்டை, பருப்பு, கடலைன்னு ரெண்டு ஆளு சாப்பாடு குடுங்க. மாத்திரை கிருமியக் கொல்லும், சதை வைக்காது."

"நோய்க்காரிக்கு விருந்தா? டைபாய்டப் பட்டினி போட்டே வெரட்டுனவன் நான், நர்சம்மா!"

மாத்திரை ஒருவேளை தவறவில்லை. அவரே பக்கத்தில் நின்று விழுங்கவைத்தார். சாப்பாடு மட்டும் கஞ்சியும் மிளகு ரசமும். முட்டை சூடு, பருப்பு வாயு, பழம் கபம். மண்டி நிறையத் தார் தொங்கியும் அவளுக்கு ஒரு பழம் கிடையாது.

"ஏங்க, ஒரே ஒரு கருவாட்டுத் துண்டு. நாக்குச் செத்துக் கெடக்கு."

"ஏ புள்ள, பட்டினி கெடந்தாத்தான் நோய் ஓடும்."

"நோய்க்கென்ன பட்டினி? அது என்னையத் தின்னுக்கிருதுல்ல" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

கார்த்திகையில் முப்பத்தெட்டு. மார்கழியில் முப்பத்தைந்து.

"ஒங்க தராசுல கோளாறு" என்றார் ஒச்சாண்டி.

மாசியில் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. எப்சிபா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள். அன்றுதான் அவர் ஆறு முட்டை வாங்கி, தன் கையாலேயே அவித்து உரித்து நீட்டினார்.

"தின்னு ஆத்தா."

ஒரு வாய் மென்றாள். தொண்டைக்குள் இறங்கவில்லை.

"எடுத்து வைங்க. பெறகு திங்கிறேன்."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்தது. ஓட்டுகிற பொன்னுராஜ் இறங்கி ஓடிவந்தான்.

"கால்மாட்ட நான் பிடிக்கவாண்ணே?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒச்சாண்டி இரண்டு கையிலும் அவளைத் தூக்கினார். கேட்காமலே கை எடையைச் சொல்லிவிட்டது. இருபத்தொன்பது. நல்ல தார் ஒன்று இதைவிடக் கனக்கும்.

நாற்பது வருஷத்தில் அந்தக் கை ஒருமுறைகூடத் தப்பியதில்லை.