மஞ்சள் பந்தலுக்குக் கீழே

போன கோடையில், நகரியில் என் அம்மா வீட்டில் நடந்தது இது. தலைப்பிரசவம் ஆகி, மகளுக்குப் பெயர் வைக்கிற நாள். தீட்டுக் கழியும்வரை எங்கள் பக்கம் தாயையும் பிள்ளையையும் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருப்பார்கள். அன்றுதான் அவளை முதன்முதலாக வெளியே தூக்கி வந்தேன்.

வாசலில் மஞ்சள் துணிப் பந்தல். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். என் மடியில் கிடந்தவளை அத்தை குனிந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, கொழந்த இவ்ளோ மஞ்சளா கீது?"

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கேள்வி காதில் விழுந்தால் வாய் சும்மா இருக்காது.

"நீயுந்தான் மஞ்சளா கீற அத்த. நைனா வேட்டிய பாரு. வெயில்ல எல்லா கலரும் கீது. இந்தத் துணி நீலத்த புடிச்சி வெச்சிக்கினு மீதியத்தான் கீழ வுடுது."

பந்தலே சிரித்தது. நல்ல நாளில் நோய்ப் பேச்சு எதற்கென்று அத்தையும் விட்டுவிட்டார்.

மறுநாள் பகலில், விசேஷத்துக்குப் படம் எடுத்த தெலுங்குப் பையன் போன் செய்தான். குரலில் ஏகப்பட்ட தயக்கம்.

"ஏமி அனுகோகண்டி அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. பந்தல் மஞ்சள எடுத்துட்டு கலர் சரி பண்ணேன். உங்க நைனா வேட்டி வெள்ளையாச்சு, எல்லாரும் பாகா, நல்லா வந்துட்டாங்க. பாப்பா மட்டும் மஞ்சளாவே கீது. என் கேமராலதான் ஏதோ கோளாறு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தலின் மஞ்சளை எடுத்தால் எல்லோருக்கும்தானே போக வேண்டும்? இவளுக்கு மட்டும் எப்படி மிஞ்சும்? ஒருவேளை குளிப்பாட்டும்போது பூசிய மஞ்சளோ? ஈரத்துணியால் துடைத்தேன். குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு நிறமாக இருந்தாள், கதவோரம் வேறு நிறமாக இருந்தாள். எதை நம்புவதென்றே தெரியவில்லை.

கடைசியில் பந்தல் பிரித்திருந்த வாசலுக்கே தூக்கிப் போனேன். வெறும் வெயிலில், வெள்ளைத் துண்டின் மேல் படுக்க வைத்தேன். அவள் கண் திறந்தபோது விழியின் வெள்ளையே மஞ்சளாக இருந்தது. சரியாகப் பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி வழிந்தவளை, எவ்வளவு சமத்து என்று நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

நைனா கார் பிடித்துத் திருப்பதிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் பார்த்த டாக்டர், காமாலை ஏறியிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்றார். கண்களைக் கட்டி, துணியில்லாமல் நீல விளக்கின் கீழே கிடத்தினார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் நிறமே தெரியவில்லை. குறைகிறதா, கூடுகிறதா? கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நர்ஸை நச்சரித்தேன்.

"கண்ணால பாத்தா தெரியாதும்மா, ரத்தந்தான் சொல்லணும்" என்றார் அவர்.

பாடம் நடத்துகிற எனக்கு அழத்தான் தெரிந்தது. அளவு இறங்கிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கண்ணாடியை விட்டு நகர்ந்தேன். இப்போது அவள் வீடு முழுக்கத் தவழ்கிறாள்.

பந்தலைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அது அவ்வளவு சரியாக இருந்ததால்தான் குழந்தையை இன்னொரு முறை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வகுப்பில் சரியான பதிலைச் சொல்லி முடித்த பிறகும் இன்று நான் கேள்வி கேட்ட பிள்ளையை இன்னொரு முறை பார்க்கிறேன்.