பாய்மரப் படகுக்குத் தீயணைப்பான் வாங்கக் கும்மிடிப்பூண்டி போன கதை

பழவேற்காட்டில் முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகு ஒன்று மிதக்கிறது. அதில் பாதி என்னுடையது! மறுபாதி கல்லூரி நண்பனுடையது. அவன் இருப்பது புதுச்சேரியில். படகை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுமார் தொண்ணூறு கடல் மைல், ஒரு பகலும் ஓர் இரவும். பிப்ரவரியில் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்ட ஏழுமலை அண்ணன் இல்லாமல் முடியாது. ஊர்க்காரர், மீன்பிடிக்கிறவர். அவர் தயார். அவர் மனைவி கலா அக்கா தயாரில்லை. படகுக்குள் இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க போட்டுல நெருப்பு புடிச்சா எகிறி குதிச்சிடலாம். இது ஊடு மாதிரி கீது தம்பி. வாசல் ஒண்ணுதான். இதுல ராத்திரி தூங்க இவர அனுப்ப மாட்டேன்."

முன்னறைக் கூரையில் ஒரு மூடி திறக்கும் என்று காட்டினேன். "அது பூனை போற வழி" என்றார். சரியாகத்தான் சொல்கிறார். உள்ளே கேஸ் அடுப்பு, டீசல் இன்ஜின், பேட்டரி. சுற்றிலும் எரியக்கூடிய ஃபைபர்.

சனிக்கிழமை காலை 6.10க்கு நான் குடியிருக்கும் திருநின்றவூரில் மின்ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, எட்டே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். டிக்கெட் இருபது ரூபாய்க்குள்தான். ஸ்டேஷன் வாசலில் இட்லி வடகறி நாஷ்டா. அங்கிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஏன் இவ்வளவு தூரம்? நகரத்துக் கடையில் அட்டைப்பெட்டியைத்தான் பார்ப்பீர்கள். இங்கே இரும்பு ஆலைக்கும் ரசாயன ஆலைக்கும் தினமும் சிலிண்டர் நிரப்புகிறார்கள். திறந்து காட்டச் சொல்லலாம், எடை போட்டுப் பார்க்கலாம். எனக்கு அது திருவிழாக் கடை மாதிரி இருந்தது.

நிரப்பும் யூனிட் நடத்துகிற தனசேகருக்கு என் தேவை முதலில் புரியவில்லை. "போட்டுக்கா? சுத்தியும் தண்ணி கீதே சார், அப்புறம் இன்னாத்துக்கு இது?"

இந்தக் கேள்வியை அன்று மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்: எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்குத் தாவும். மின்கம்பியில் ஊற்றினால் நமக்கே ஷாக்.

தனசேகர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத் தலையில் கட்டப் பார்த்தார். எல்லா கம்பெனிக்காரனும் அதைத்தான் வாங்குகிறானாம். கம்பெனியில் அடித்துவிட்டு வெளியே ஓடிவிடலாம். மூடிய சின்ன அறையில் அந்த வாயு தீயோடு சேர்த்து ஆளையும் அணைத்துவிடும். வேண்டாம் என்றேன். கடைசியில் எடுத்தது: மரம், எண்ணெய், மின்சாரம் எல்லாத் தீக்கும் ஆகிற ஏபிசி பவுடர், இரண்டு கிலோ சிலிண்டர் மூன்று, ஒன்று 1,400 ரூபாய். இன்ஜினுக்கு மட்டும் பவுடர் கூடாது. உள்ளே போனால் இன்ஜினை முழுதாகப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு, அடித்த பின் எதுவும் படியாத வாயு வகை சிலிண்டர் ஒன்று, 4,800. அடுப்பில் தீ பிடித்தால் மேலே போட்டு மூடத் தீப்போர்வை, 700. எல்லா சிலிண்டரிலும் ஐஎஸ்ஐ முத்திரை, அழுத்தம் காட்டும் வட்டத்தில் பச்சையில் நிற்கும் முள். சிலிண்டரை இறுக்கிப் பிடிக்க லாரியில் மாட்டுகிற இரும்புப் பட்டையையும் தனசேகர் காட்டினார். கனம் அதிகம் என்று விட்டுவிட்டு, கூடவே வருகிற பிளாஸ்டிக் கிளிப்பே போதும் என்றேன்.

அழுத்தம் ஏற்றிய சிலிண்டரோடு ரயிலேறாதீர்கள். லோடு ஆட்டோ பிடித்தேன். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை முப்பத்தைந்து கிலோமீட்டர், 1,200 ரூபாய். ஆரம்பாக்கத்து டிரைவர், பின்னால் உருண்ட சிலிண்டரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னா நைனா, வெடிக்குமா அது?" வெடிக்காது என்றேன். ஆனாலும் பள்ளம் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினார்.

மதியத்துக்குள் மாட்டிவிட்டேன். விதி ஒன்றுதான்: தீ எங்கே பிடிக்கும் என்று பார்க்காதே, ஆள் எங்கே நிற்பான் என்று பார். அடுப்புக்கு மேலே மாட்டினால் எடுக்க நெருப்புக்குள் கை விட வேண்டும். ஆகவே ஒன்று வாசல் படியருகில், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கை எட்டும்படி. ஒன்று முன்னறைப் படுக்கையருகில். ஒன்று மேல்தளப் பெட்டியில். தீப்போர்வை அடுப்புக்கு எதிர்ச்சுவரில். வாயு சிலிண்டர் இன்ஜின் பெட்டிக்கு வெளியே; பெட்டியில் மூடி போட்ட ஒரு துளை. மூடியைத் தள்ளிக் குழாயை நுழைத்து அடிக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் காற்று புகுந்து தீ இன்னும் ஏறும்.

நான் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் கலா அக்கா வந்து காத்திருந்தார். கையில் ஈரத்துண்டு. முன்னறையில் படுக்கச் சொல்லி என் கண்ணைக் கட்டினார்.

"புகை வந்திச்சி. எயுந்து எட்து அடி."

இரண்டே நொடியில் சிலிண்டரைத் தொட்டுவிட்டேன். எடுக்க வரவில்லை. தடவினால் நைலான் கயிறு, மூன்று சுற்று, மேலே முடிச்சுக்கு மேல் முடிச்சு. நான் சாப்பிடப் போன நேரத்தில் ஏழுமலை அண்ணன் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறார். அவர் படகில் ஐஸ் பெட்டி முதல் சோற்றுப்பானை வரை கட்டித்தான் இருக்கும். கட்டாததை அலை எடுத்துக்கொள்ளும்.

"அலை அடிச்சா அந்த பிளாஸ்டிக்கு நிக்குமா இன்ஜினீயரே?" என்றார் அண்ணன்.

கலா அக்கா குறுக்கிட்டார். "வலைய கட்றாப்ல கட்டிக்கினு கீறியே, நெருப்பு வந்து அவுத்துக்கினு போவுமாய்யா?"

"கத்தி கீதே. அறுத்துட்டா போச்சி."

"எங்க கீது கத்தி?"

அண்ணன் அடுப்புப் பக்கம் பார்த்தார். கத்தி அடுப்புக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது. அக்கா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கிவிட்டார். பயணம் போச்சு என்றே நினைத்தேன்.

உடனே தனசேகருக்குப் போன் அடித்தேன். அந்த லாரிப் பட்டை! ரசாயன டேங்கர்களுக்குப் போடுவது. எந்தக் குலுக்கலுக்கும் விடாது, பிடியை ஒரே இழுப்பு இழுத்தால் திறந்துவிடும். ஒன்று 450. ஞாயிறு காலை அதே ஆரம்பாக்கத்து டிரைவர் கொண்டுவந்து இறக்கினார். கிரீஸ் தடவி நாலையும் திருகி முடித்தேன். அண்ணன் காலை ஊன்றி ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அக்காவைக் கூட்டிவந்தோம், மறுபடி துண்டு. நான் எடுத்தேன். அண்ணன் எடுத்தார். பிறகு அக்கா தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டு முன்னறையில் படுத்தார். எழுந்து, தடவி, ஒரே இழுப்பு. சிலிண்டரோடு படியேறி வந்து குழாயைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினார். அண்ணன் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார்.

துண்டை அவிழ்த்ததும் என்னிடம் கேட்டது: "சரி தம்பி, நான் எங்க படுக்கறது?"

முதலில் புரியவில்லை. அவரும் வருகிறார் என்று புரிந்ததும், இன்ஜினை ஒட்டிப் பின்னால் இருக்கும் படுக்கைதான் காலி என்றேன். குனிந்து பார்த்தார். "அங்க ஒண்ணு மாட்டு."

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: மாதம் ஒருமுறை பவுடர் சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், பவுடர் அடியில் இறுகாமல் இருக்கும். உப்புக்காற்றில் முள் சிக்கும், தட்டிப் பாருங்கள். கண்ணைக் கட்டி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யார் யார் வருகிறார்கள், யார் எங்கே படுப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் கேட்காமல் போனேன். அதனால் நாளை மறுபடி 6.10 வண்டி, ஐந்தாவது சிலிண்டருக்கு.