அண்டை வீட்டு ஞாயிறு

திருச்சியிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் வந்திறங்கிய ஒருவர் சொன்னார்: புத்தூர்ப் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் சபையில் உபதேசியம்மா சந்திரம்மாள் ஆராதனையின் நடுவில் எழுந்து, சபையாரைப் பார்த்து ‘ஊமைகளா’ என்று கத்தினாராம், அன்றிலிருந்து அவருக்குப் புத்தி சரியில்லையாம். சொன்னவருக்கும் அது மைத்துனி வாய்வழியாக வந்த செய்திதான். ஊருக்கு எழுதி, பதில் வருகிற வரை எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. சந்திரம்மாளின் புத்தி தெளிவாகவே இருக்கிறது. கத்தியது மட்டும் நிஜம்.

இளம் வயதில் கணவனை இழந்தவர் அவர். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதுதான் அவருடைய வேலை. குடையும் துணிப்பையுமாக உறையூர்ச் சந்துகளிலெல்லாம் நடந்திருக்கிறார். பிற மதத்தாரால் அவருக்குத் தொல்லை வந்ததில்லை. விருப்பமில்லாதவர்கள் நேராகவே வேண்டாம் என்பார்கள்; வெயிலைப் பார்த்து மோர் கொடுத்து அனுப்புவார்கள். அவரை அயரவைத்தது சொந்தச் சபைதான். “நீங்க ஒரு வார்த்தை பக்கத்து வீட்ல பேசக் கூடாதா?” என்றால், ஒருவருக்கு மேலதிகாரியின் பயம், இன்னொருவருக்கு மாடு கறக்கிறவள் நின்றுவிடுவாளோ என்ற கவலை. “அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்?” என்று சிரித்தவர்களும் உண்டு.

முப்பத்தொன்பதாம் வருஷம் கோடையில், டாக்டர் ஏசுவடியானின் மனைவி ஞானசுந்தரி ஒரு சேதி சொன்னார். அடுத்த வீட்டில் குடியிருந்தவர் வக்கீல் சடகோபன், ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் மனைவி வைதேஹிக்கு ஒரே குழந்தை ஜுரத்தில் போய்விட்டிருந்தது. ஒருநாள் அந்தப் பெண் மதில் ஓரமாக வந்து கேட்டிருக்கிறாள்:

“மாமி, நீங்களும் ஒண்ணைப் பறிகொடுத்தவர்னு சொன்னா. எப்படித் தாங்கிண்டேள்? போன கொழந்தைகளைப் பத்தி உங்க வேதத்துல என்ன சொல்லியிருக்கு?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றார் சந்திரம்மாள்.

“எங்க பாஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்னு உள்ள வந்துட்டேன்.”

“பாஸ்டரா புள்ளையைப் பறிகொடுத்தாரு?”

ஞானசுந்தரி காப்பி கொண்டுவர எழுந்தார். சந்திரம்மாள் விடவில்லை.

“அவங்களை மதம் மாத்துங்கன்னா சொல்றேன்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. உங்களை எது நிமித்திவச்சதோ அதைச் சொல்லுங்க. நான் போனா உபதேசியம்மா பேச்சு. நீங்க போனா தாய் பேச்சு.”

“ஐயங்கார் வீடு அக்கா. தப்பா நினைச்சுட்டா?”

“கேட்டதே அவங்கதானே!”

“சரி சரி, போறேன்” என்றார் ஞானசுந்தரி. போகவில்லை. சந்திரம்மாள் கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு: விருந்தாளி, தலைவலி, இன்றைக்கு அமாவாசை, அவர்கள் வீட்டில் ஏதாவது இருக்கும்.

இதற்கிடையில் போதகர், ஒவ்வொரு குடும்பமும் ஓர் அண்டை வீட்டாரைச் சபைக் கோயிலுக்கு அழைத்துவரும்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். சந்திரம்மாள் மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஞாயிறு கோயிலில் இடமில்லை. பெஞ்சுகள் போதாமல் பாய் விரித்தார்கள். சந்திரம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வைதேஹி எங்கே என்று கூட்டத்தில் தேடினார்.

அப்போதுதான் கவனித்தார். வந்தவர்கள் வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தேடித் தடவினார்கள். முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர், “ஏம்மா, மாதா சுரூபத்தை எங்க வச்சிருக்கீங்க?” என்று விசாரித்தார். ஊர் முழுக்கத் தேடி, கூச்சமில்லாமல் கூப்பிடக்கூடிய அண்டை வீட்டாராகச் சபையார் கண்டுபிடித்தது ரோமன் கத்தோலிக்கரை. ஏசுவைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களை! ஞானசுந்தரியின் பக்கத்தில் கம்பவுண்டர் தாஸ் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களும் கத்தோலிக்கர்தான்.

“எவ்வளவு அருமையான கூட்டம்!” என்று போதகர் ஆரம்பித்தார். சந்திரம்மாள் எழுந்துவிட்டார்.

“ஊமைகளா! தெரிஞ்சவங்களுக்கே தெரிஞ்சதைச் சொல்லவா கூப்பிட்டீங்க? கேட்டவ ஒருத்தி மதிலண்டை நிக்கிறா. அவளுக்கு ஒரு வாய் திறக்கலியே!”

தாஸ் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாராம்: “அப்ப நாங்க கெளம்பணுமா, இருக்கலாமா?”

மறுநாள் போதகர் சந்திரம்மாளைக் கண்டித்தார். சபையில் பாதிப்பேர் பேசுவதை நிறுத்தினார்கள். அதொன்றும் அவருக்கு உறைக்கவில்லை. நேராக டாக்டர் வீட்டுக்குப் போனார். ஞானசுந்தரி அழுதுகொண்டிருந்தார்.

“பேச வராம இல்ல, அக்கா. எம்புள்ளையைப் பத்தி வாயெடுத்தா நான் உடைஞ்சு போவேன். அவ முன்னால அழுதா, இவ விசுவாசம் இவ்வளவுதானான்னு நினைக்கமாட்டாளா?”

“அழுங்க. அழுதுகிட்டே சொல்லுங்க. அதுக்கு மேல என்ன பிரசங்கம் வேணும்?”

இருவருமாக மதிலைச் சுற்றிப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டில் வைதேஹிக்கு இருப்புக்கொள்ளவில்லையாம். முதல் நாள்தான் ஸ்ரீரங்கத்திலுள்ள மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். தோட்டக்காரர் சொன்னார்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது முறையில்லை என்று இருவருக்குமே தெரியும். ஞானசுந்தரி வீடு திரும்பி, கணவரின் மேஜையருகே போய், டெலிபோனை எடுத்து, எக்ஸ்சேஞ்சில் ஸ்ரீரங்கத்தில் வக்கீலின் அப்பா வீட்டு நம்பரைக் கேட்டார்.

மறுமுனையில் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

“கோயிலுக்குப் போயிருப்பாங்களோ?” என்றார் ஞானசுந்தரி.

“வைக்காதீங்க” என்றார் சந்திரம்மாள்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.