பேயாண்டி வீட்டு முள் மரம்

பேயாண்டிக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. காளவாசலில் செங்கல், மணல், சுண்ணாம்பு விற்கிற கடை அவருடையது. கல்லாவில் உட்காருவதற்கென்று பிரம்பு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். அதில் கடைப் பூனைதான் படுத்திருக்கும். அவர் வாசலில் நிற்பார், லாரிக்காரனோடு வம்பளப்பார், திடீரென்று ராஜ்தூத் வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "இந்தா வாரேன்" என்பார். காலையில் சொன்ன அந்த வார்த்தைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து சேருவார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு நகர் எழில் குழு அமைந்தது, கால் அரிக்கிறவனுக்குச் சொறிய ஆள் கிடைத்த மாதிரி. எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ஊர் குப்பையாகக் கிடக்கிறதே என்று வருத்தப்பட்ட நாலைந்து பேர் கூடி ஆரம்பித்த குழு. சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது, டீயும் வடையும்கூடச் சொந்தக் காசு. தலைவர் பஞ்சாபகேசன் ஓய்வு பெற்ற இன்ஜினியர். கோணல் சுவரைப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஸ்யாமளா, பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்துகிற டீச்சர். குழு வைத்த சின்னப் பூங்காவுக்குச் செம்மண் கொட்ட வந்த பேயாண்டி, மண்ணை எங்கே கொட்டுவது என்று தலைவரோடு சண்டை பிடித்தார். சண்டை முடிந்தபோது அவரும் ஓர் உறுப்பினராகியிருந்தார்.

குழு சில விதிகளை எழுதியது. மதில் இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது, வாசலில் எருமை கட்டக் கூடாது, கட்டடக் கழிவைத் தெருவில் கொட்டக் கூடாது. இதையெல்லாம் கடைப்பிடிக்கிற தெருவுக்கு 'எழில் தெரு' என்று பலகை வைத்து, இரண்டு பக்கமும் மரக்கன்று நட்டு, கூண்டும் போட்டுத் தருவதாக ஏற்பாடு. எல்லா விதியும் தலைவருடையது, ஒன்றைத் தவிர. தெருவைப் பார்த்த முகப்பில் முள் வேலியோ முள் மரமோ இருக்கக் கூடாது என்ற விதி பேயாண்டி கொண்டுவந்தது. வேலிக்கருவையின் மேல் அவருக்குப் பரம்பரைப் பகை. அந்த முள் காலில் ஏறிச் சீழ் பிடித்து அவருடைய தகப்பனார் ஒரு மழைக்காலம் முழுக்க உழவை விட்டுப் படுத்துக் கிடந்தவர்.

"காகிதப்பூ, எலுமிச்சை எல்லாத்திலயும் முள் இருக்கே சார்" என்று ஸ்யாமளா டீச்சர் அன்றைக்கே கேட்டார்.

"முள்ளுன்னா முள்ளுதான் டீச்சர். ஒருத்தருக்கு விலக்குக் குடுத்தா ஊரு பூராம் வந்து வாசல்ல நிக்கும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார் பேயாண்டி. பஞ்சாபகேசனுக்கு அந்தக் கண்டிப்பு ரொம்பப் பிடித்துப்போனது.

முதல் எழில் தெரு தன்னுடைய தெருவாகத்தான் இருக்க வேண்டும் என்று பேயாண்டி பிடிவாதமாக இருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சினார், அதட்ட வேண்டிய இடத்தில் அதட்டினார். எதிர்வீட்டு ரெங்கம்மாளை அதட்டினார். அவள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் கீரை போட்டு, ஆடு வராமல் இருக்க முள்ளை வெட்டி அடைத்து வைத்திருந்தாள். "ஏண்ணே, வேலியப் பிரிச்சா கீரை எனக்கா, ஆட்டுக்கா?" என்று அவள் கேட்டதற்கு, ஊர் அழகாக வேண்டாமா என்று ஒரு பிரசங்கமே செய்தார். வேலி போனது. அந்த வாரமே கீரையும் போனது. ரெங்கம்மாள் அதற்கப்புறம் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இத்தனை ஓட்டத்துக்கும் ஊர்ப்பற்று மட்டும் காரணமில்லை. வீட்டுக்குள் ஜெயக்கொடி இருந்தாள்.

அவருடைய ஒரே மகள். பேரையூரில் பருத்தித் தரகு பார்க்கிற கருத்தக்கண்ணனுக்குக் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷமாகியிருந்தது. மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். இரண்டு தடவை அழுதுகொண்டு வந்தாள், இரண்டு தடவையும் சமாதானம் பேசி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை தை மாதம் வந்தாள். முழங்கையில் காயம். கிணற்றடியில் விழுந்துவிட்டேன் என்று முதலில் சொன்னாள். பிறகு அடுக்களையில் தாயிடம் வேறு விதமாகச் சொன்னாள். பேயாண்டி அப்போது அடுக்களைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. அவர் உள்ளே போகவில்லை. வாசலுக்கு வந்து வண்டியை உதைத்தார். அன்றைக்கு அவனியாபுரம் வரைக்கும் போய், யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு மதிலைப் பற்றி யாரோடோ வாக்குவாதம் செய்துவிட்டு வந்தார்.

அவருக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று சொன்னால் அது பொய். பாசம் இருந்தது, பயமும் இருந்தது. கட்டிக் கொடுத்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும் என்ற பயம், அனுப்பினால் என்ன ஆகுமோ என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாமல்தான் அவர் தெருத்தெருவாக ஓடினார். அவர் மனைவி அன்னக்கொடி ஓடவில்லை. அவளுக்கு மரம் இருந்தது.

கல்யாணம் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. முகூர்த்தக்காலாகக் கல்யாண முருங்கைக் கொம்பை மஞ்சள் பூசி நட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் அந்தக் கொம்பை வாசலோரத்தில் ஊன்றித் தண்ணீர் விடுவது அவர்கள் வழக்கம். அது துளிர்த்தால் தம்பதி நன்றாக இருப்பார்கள் என்பது நம்பிக்கை. துளிர்த்தது மட்டுமில்லை, இரண்டு வருஷத்தில் மதிலைத் தாண்டி வளர்ந்து, மாசி மாதத்தில் சிவப்பாகப் பூத்தும் விட்டது. ஜெயக்கொடி அழுதுகொண்டு வரும்போதெல்லாம் அன்னக்கொடி மரத்தைத்தான் காட்டுவாள். "மரம் தளதளன்னு நிக்குது பாரு. எல்லாம் சரியாயிரும் தாயி." பேரையூரிலிருந்து பேச வருகிற பெரியவர்களும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அதையே சொல்வார்கள்.

அந்த மரத்தில் அடியிலிருந்து நுனிவரை முள். சிலர் அதை முள்முருங்கை என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் பேயாண்டி வீட்டில் யாருக்கும் அது முள் மரமாகத் தோன்றியதே இல்லை. குலசாமியின் கையில் இருக்கிற அரிவாளை யாராவது ஆயுதம் என்று நினைப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழு தெருவைப் பார்வையிட வந்தது. பஞ்சாபகேசன் குடையை ஊன்றி ஊன்றி நடந்தார். மதில்கள் சரி, சாக்கடை சரி, வேலிகள் ஒன்றுகூட இல்லை. பேயாண்டி முன்னும் பின்னும் ஓடி ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது, ரெங்கம்மாள் தன் வீட்டிலிருந்து சாவகாசமாக இறங்கி வந்தாள். கல்யாண முருங்கையின் அடிமரத்தில் லேசாகக் கையை வைத்தாள்.

"ஏன் சார், இது என்ன பூவா?" என்று கேட்டாள்.

ஸ்யாமளா டீச்சர் தர்மசங்கடமாகத் தலையாட்டினார். "முள்தான் சார்" என்றார். தெருவே சிரித்தது. பேயாண்டிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இரண்டு வருஷமாகத் தினமும் அந்த மரத்தைத் தாண்டித்தான் வண்டியை எடுக்கிறார். அதில் முள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

பஞ்சாபகேசன் அவரைத் தனியாக அழைத்தார். "உம்ம விதி ஓய் அது. நாமளே மீறினா நம்மள ஒருத்தன் மதிப்பானா? அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணும்."

கூட்டம் கலைந்ததும் அன்னக்கொடி வாசலில் வந்து நின்றாள். "மரத்துல ஒரு கிளைய ஒடிச்சீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். வெள்ளிக்கெழம பேரையூர்லருந்து கூட்டிட்டுப் போக வாராங்க. மரம் இல்லாத வாசல்லயா அவுகள நிறுத்துவீங்க?"

"யாரு வெட்டப்போறா? நீ உள்ள போ" என்றார் பேயாண்டி. திண்ணமாகச் சொல்லிவிட்டாரே தவிர, அந்த வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெட்டினால் மகள் வாழ்க்கையைத் தன் கையால் வெட்டிய மாதிரி. வெட்டாவிட்டால் ரெங்கம்மாளின் கீரை அவர் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். கடையில் நிற்க முடியவில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை. வண்டியில் பெட்ரோல் தீரத் தீரச் சுற்றினார். வெள்ளிக்கிழமை பேரையூர்க்காரர்கள் வருகிற நேரத்தில் லோடு எடுக்க வேறு எங்காவது போய்விடுவது என்று வழக்கம்போல ஒரு திட்டமும் வைத்திருந்தார். போன இரண்டு தடவையும் அப்படித்தான் செய்தார். மகள் வண்டியேறியதை அவர் பார்த்ததே கிடையாது.

ஜெயக்கொடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பாடு போடும்போது, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இந்தா வாரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவி எழுந்தார். வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் குழு கூடியது. பேயாண்டி எழுந்து நின்று, ஒருத்தருக்கும் விலக்குக் கூடாது என்று முழங்கிய அதே வாயால் விலக்குக் கேட்டார். கேட்கும்போது நாக்குக் கூசியது. முகூர்த்தக்கால், மகள், நம்பிக்கை என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். கூடவே, ரெங்கம்மாள் வீட்டுக்குத் தன் செலவில் முள் இல்லாத கம்பி வேலி போட்டுத் தருவதாகவும் சொன்னார். பஞ்சாபகேசன் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஸ்யாமளா டீச்சர்தான் அவருக்காகப் பேசினார். இலை மருந்து, பூவுக்குக் குருவி வரும், மங்கல காரியத்துக்கு நட்ட மரத்துக்கு மட்டும் விலக்குத் தரலாம் என்றார். கடைசியில் தலைவரும் இறங்கி வந்தார்.

பேயாண்டிக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. மரமும் தப்பியது, மானமும் தப்பியது. வழியில் ஒரு சீப்பு நாட்டுப்பழம் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு பறந்து வந்தார்.

தெருமுனையில் திரும்பும்போதே வானம் வெறிச்சென்று தெரிந்தது. மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை. வாசல் முழுக்கக் கிளையும் இலையுமாகக் கிடந்தது. ஜெயக்கொடி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிவாளோடு அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கையெல்லாம் முள் கீறி ரத்தம். அன்னக்கொடி படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை.

"என்னம்மா காரியம் பண்ணிட்ட" என்றார் பேயாண்டி. "நான் விலக்கு வாங்கிட்டு வந்துட்டேன்மா. மரம் நிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"யாரக் கேட்டுப்பா வாங்குனீங்க?"

அவர் வண்டியிலிருந்து இறங்கினார்.

"அங்க அவரு அடிப்பாரு. இங்க வந்தா மரத்தக் காட்டுவீங்க. மரம் நல்லாருக்கு, நீயும் நல்லாருப்பேன்னு அனுப்பிருவீங்க. நான் எம்புட்டு சொன்னாலும் மரம் சொன்னதுதான் நெசம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எதுத்த வீட்டு வேலிக்கெல்லாம் பாடுபட்டீங்க. தை மாசத்துலருந்து என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தீங்களாப்பா?"

அவர் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காதோரத்தில் பழைய தழும்பு ஒன்று. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர்பூராவும் எந்த வாசலில் என்ன இருக்கிறது என்று கரைத்துக் குடித்தவர், தன் வீட்டு வாசலுக்குள் நுழையவே இல்லை.

ஜெயக்கொடி காலால் அடிக்கட்டையைத் தொட்டாள். "இத இப்படியே விட்டா திரும்பத் தழைச்சிரும். அம்மா மறுபடியும் தண்ணி ஊத்தும். வேரோட எடுக்கணும். கடப்பாரை எனக்குத் தூக்க முடியலப்பா."

பேயாண்டி சட்டையைக் கழற்றி வண்டியின் மேல் போட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்துவந்து கட்டையைச் சுற்றிக் குத்தத் தொடங்கினார். அன்னக்கொடி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெங்கம்மாள் தன் வாசலிலிருந்து பார்த்தாள், வந்தாள், முள் கிளைகளை இழுத்து ஓரமாகப் போட்டாள். கட்டை பெயர்ந்து வரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பேரையூரிலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளை கருத்தக்கண்ணன் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அவனுடைய சித்தப்பா மலையாண்டியும் இன்னும் இரண்டு பெரியவர்களும் இறங்கினார்கள். மலையாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பழக்கதோஷத்தில் மதிலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே, புதிதாக மூடிய மண்ணைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, நீங்க இருக்க மாட்டீகன்னு நெனச்சோம்" என்றார். "மரம் எங்க?"

"எடுத்தாச்சு" என்றார் பேயாண்டி.

"யாரு எடுத்தது?"

"நானும் எம் மகளும்."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னக்கொடி தட்டில் காபி டம்ளர்களோடு நிலையருகே வந்து, வெளியே வரலாமா என்று தெரியாமல் நின்றுவிட்டாள். அவள் முகம் இன்னும் தெளிந்தபாடில்லை. பேயாண்டி போய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு வந்தார். முதல் டம்ளரை மலையாண்டிக்கு நீட்டினார்.

"பாப்பா வரல சம்பந்தி. காபி சாப்பிட்டுக் கெளம்புங்க."