நாலாவது குதிப்புக்குப் பிறகு

மருமகளின் காலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று தெரிய எங்களுக்கு இரண்டு எக்ஸ்ரே ஆனது. முதல் படத்தில் ஒன்றுமே இல்லை. நரம்பு இழுத்திருக்கும், தைலம் போட்டு நீவினால் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீவிக்கொண்டு அவள் மேலும் இரண்டு வாரம் ஓடினாள். அடுத்த படத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், மயிரிழை மாதிரி ஒரு கோடு.

என் மகன் இறந்த பிறகும் அவள் பெண் குழந்தையோடு ஆம்பூரில் என் வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. போலீஸ் வேலைக்கு எழுதி எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். மிச்சம் ஓட்டத் தேர்வுதான். விதவைகளுக்குக் கொடுக்கும் வயதுச் சலுகை அவளுக்கு இந்தத் தடவையோடு முடிகிறது. ஷிப்ட் முடிந்து வரும்போது பள்ளி மைதானம் பூட்டியிருக்கும் என்பதால் ஹைவே ஓரத்துத் தார் ரோட்டில் ஓடினாள்.

வேலூரில் பிசியோதெரபி பார்க்கிற பெண் அவள் ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தாள். அது அட்டை மாதிரி மடிந்தது.

"ஆம்பூர்ல இருந்துகிட்டு இந்த ஷூவாக்கா? வெளியில சொல்லிடாதீங்க."

"நாங்க தைக்கிறது வெள்ளைக்காரன் காலுக்கு மேடம்" என்றாள் மருமகள். "நம்ம காலுக்கு சந்தையிலதான்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டத்துக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது.

அடிபட்டு உடைந்ததல்ல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அதிர்ந்து விரிசல் விட்டது என்று அந்தப் பெண் விளக்கினாள். எலும்பு தானே கூடும்; நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். ஓட்டம் கூடாது, நின்றுகொண்டே செய்கிற வேலை கூடாது. முதலில் உட்கார்ந்தபடி பயிற்சி, பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, கடைசியில் விரிசல் விட்ட காலில் மட்டும் நின்று பத்து முறை குதிப்பது. பத்தும் வலியில்லாமல் வந்தால்தான் ஓடலாம்.

"வலியோட பத்து வந்தா?" என்று மருமகள் கேட்டாள்.

"வலியோட பத்து வந்தா அது பத்து இல்லக்கா. சைபர்."

பயிற்சிக்கு நைட்டியை முழங்கால்வரை தூக்கிச் செருகவேண்டும். மாமனார் என் எதிரில் அது முடியுமா? அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கூடத்தில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. தோல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். லாரியிலிருந்து தோலை வீசும்போது விழுகிற சத்தத்தை வைத்தே எண்ணிவிடுவேன்.

குதிக்க ஆரம்பித்த முதல் நாள் இரண்டு சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மறுநாளும் இரண்டு.

"இன்னா மாமா, எண்ணிக்கிட்டிருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. நீங்க சோத்துல பருக்கையே எண்ற ஆளு."

அதற்கப்புறம் வந்த நாட்களில் பத்து சத்தமும் கேட்டது. ஆனால் நாலாவதுக்குப் பிறகு ஒரு நிறுத்தம் இருக்கும். அப்புறம் வருகிற ஆறும் வேறு மாதிரி விழும். முதல் நாலும் மெதுவாக, பயந்து விழுந்தவை. மற்ற ஆறும் திடமாக விழுந்தவை. கால் மாற்றிக் குதிக்கிறாள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. நான் வெளியே எண்ணுகிறேன் என்பதற்காகவே மிச்சத்தை நல்ல காலில் குதித்துக் காட்டினாள். தினமும் வெளியே வந்து, "பத்தும் வந்துச்சு மாமா" என்பாள். நெற்றி முழுக்க வியர்த்திருக்கும். நான் தலையாட்டுவேன்.

கேட்கவேண்டும் என்று தினமும் நினைத்தேன். கேட்டால் ஒப்புக்கொள்வாள், ஒப்புக்கொண்டால் போலீஸ் வேலை போச்சு. கேட்காமல் விட்டால் ஓடுவாள். பாதி ஓட்டத்தில் அந்தக் கோடு பிளந்துவிட்டால் தையல் மெஷின் பெடல் மிதிக்கவும் கால் இருக்காது. எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் எனக்கு நஷ்டக் கணக்குதான் வந்தது. சோறு இறங்கவில்லை. பேத்தி எதையாவது கேட்டால் எரிந்து விழுந்தேன்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் கடைசியாக வேலூர் போனோம். அந்தப் பெண் காலை அழுத்திப் பார்த்தாள். மருமகள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"வீட்ல பத்து வலியில்லாம வருதாக்கா?"

"வருது மேடம். ஒரு வாரமா."

"இங்க ஒரு தடவ குதிச்சுக் காட்டுங்க."

குதித்தாள். பத்தும் அதே காலில். உதட்டைக் கடிக்கவில்லை, கண்கூடக் கலங்கவில்லை. வலியை அப்படி அடக்கிவைத்திருந்தாள். பிசியோதெரபி பெண்ணுக்கு ஏதோ சந்தேகம். என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க வீட்லயேதான இருக்கீங்க? நெஜமா பத்து வருதா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை. சும்மா பார்த்தாள். 'வருது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாலு" என்றேன்.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். பஸ் பள்ளிகொண்டா தாண்டியபோது மருமகள் கேட்டாள்.

"எனக்கு அடுத்த தடவ இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க."

"ஒடஞ்சிட்டா இன்னா பண்றது? குழந்தைய..."

"ஒடஞ்சா எலும்புதான மாமா ஒடயும்? கூடிக்கும்னு அந்த மேடமே சொன்னாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இது எப்படிக் கூடும்?"

இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் ஓடி ஜெயித்திருப்பாளோ, யார் கண்டது?

ஆம்பூரில் இறங்கினோம். அவள் எனக்காக நிற்கவில்லை. முன்னால் நடந்துபோனாள். இத்தனை வாரமாக என் எதிரில் நேராக நடந்து காட்டியவள், அன்றைக்குத்தான் கடைத்தெரு முழுக்க, யாரையும் பார்க்காமல், நொண்டிக்கொண்டு நடந்தாள்.