அவர் உயரத்துப் பந்தல்

கம்பத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலில் பழம் வெட்டும்போது வலது தோள் வலித்தது. சுளுக்கு என்று நினைத்து வாரந்தோறும் சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு இழுத்துவிடச் சொன்னேன். ஒருநாள் தலைசீவக்கூடக் கை எழவில்லை. பயந்துபோய்த் தேனிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியைத் தோளில் வைத்துப் பார்த்தார். தசைநார் பாதி கிழிந்திருந்தது. திராட்சை வெட்டுவதையும் எண்ணெய் போட்டு இழுத்ததையும் சொன்னேன்.

"இன்னும் இழுத்திருந்தா முழுசா அறுந்திருக்கும்மா. பந்தல் எம்புட்டு உசரம்?"

என் கணவரைக் காட்டினேன். "இவுக உசரத்துக்குப் போட்டாக. நான் எக்கி எக்கித்தான் வெட்டணும்."

என் ரத்தத்திலிருந்தே மருந்து பிரித்து ஊசி போட்டார், பயிற்சியும் சொல்லித்தந்தார். சில மாதங்களில் கை எழுந்தது.

இப்போது எங்கே வலித்தாலும் முதலில் டாக்டரிடம் காட்டுகிறேன். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்ததும் பந்தல் கம்பிகளை என் உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். இப்போது தோட்டத்தில் குனிந்து நடப்பவர் அவர்தான்.